மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவள்

மலேசியாவின் கிள்ளான் நகரத்து லிட்டில் இந்தியாவில் புடவை எடுக்கிறவர்களுக்கு ஜெரால்டினின் பெயர் தெரியாமல் இருக்கலாம், ஆளைத் தெரியாமல் இருக்காது. பரமேஸ்வரன் முதலாளியின் ஜவுளிக்கடைக்கு முன்னால், கூரை போட்ட அஞ்சடி நடைபாதையில், தூணை ஒட்டி ஒரு தையல் மிஷின். அதற்குப் பின்னால் அவள். உதட்டில் எப்போதும் இரண்டு குண்டூசி இருக்கும். ஊசியை எடுக்காமலே பேசுவாள், எடுக்காமலே சிரிப்பாள். கூலியைக் குறைக்கச் சொன்னால் மட்டும் ஊசியை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள். அதற்கப்புறம் யாரும் பேரம் பேசுவதில்லை.

அந்த இடம் சும்மா கிடைத்ததல்ல. வேறொரு தையற்காரரிடம் கொக்கி வைத்து, ஹெம்மிங் பண்ணி, கூலிக்கு வேலை செய்து, கடைசியில் முதலாளியே பார்த்து, "நம்ம கடை வாசல்ல உட்கார்ந்துக்கம்மா, புடவை எடுக்கிறவங்க ரவிக்கையும் இங்கயே தச்சுக்கட்டும்" என்று சொன்னதால் வந்த இடம். எழுத்து கிடையாது, கையெழுத்து கிடையாது, எல்லாம் வாய்ச்சொல்தான். ஜெரால்டின் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தபோதுகூட, ஃபோன் உறை விற்கிற ஒருவன் வந்து தூணைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனான். அதனால் அவள் காய்ச்சலையும் சீக்கிரமாகவே முடித்துக்கொண்டாள்.

அவள் கணவன் பேசில் துறைமுகத்துக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். நல்லவன், ஆனால் கவலைப்பட ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்து ஒரு பிள்ளை வயிற்றில் தங்கி, ஆறாம் மாதத்தில் போய்விட்டது. அந்தப் பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று பேசில் சட்டைப் பையில் இருந்த சிகரெட் பெட்டியைக் கசக்கிக் குப்பையில் போட்டான். யாரும் அவனைக் குற்றம் சொல்லவில்லை. அவனாகவே போட்டான். அதற்கப்புறம் தொடவே இல்லை. அதனால் முப்பத்தெட்டு வயதில் ஜெரால்டினுக்கு மறுபடி தங்கியபோது, கிளினிக்கில் நர்ஸ் தாமரை மிஸ்ஸி ஒவ்வொரு முறையும் கேட்கிற கேள்விக்கு அவள் கொஞ்சம் பெருமையாகவே பதில் சொல்வாள்.

"வீட்டுல யாராச்சும் சிகரெட் பிடிக்கிறாங்களா?"

"எங்க வீட்டுல அந்தப் பேச்சே இல்ல மிஸ்ஸி."

மிஸ்ஸி அட்டையில் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவாள். கேட்டது வீட்டைப் பற்றி, சொன்னதும் வீட்டைப் பற்றி. இரண்டு பேர் மேலும் தப்பில்லை. ஆனால் ஜெரால்டின் காலையில் இருந்து சாயங்காலம் வரை வீட்டிலா இருக்கிறாள்?

ஏழாம் மாதம் பிறந்தபோது ஒரு நாள் மிஸ்ஸி அவளைப் படுக்க வைத்து வயிற்றை டேப்பால் அளந்தாள். ஜெரால்டினுக்கு டேப்பைத் தலைகீழாகவும் படிக்கத் தெரியும். பிழைப்பே அதுதானே. போன தடவை எங்கே நின்றதோ, டேப் அங்கேயே நின்றது.

"மிஸ்ஸி, ஏறலையே" என்றாள்.

தாமரை மிஸ்ஸி இன்னொரு தடவை அளந்தாள். பிறகு நேராக டாக்டரிடம் அனுப்பினாள். டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு, பிள்ளை மாதத்துக்குத் தக்கபடி வளரவில்லை, கொஞ்சம் சின்னதாக இருக்கிறது, இதற்குப் பல காரணம் இருக்கலாம், நன்றாகச் சாப்பிடுங்கள், ஓய்வெடுங்கள், இரண்டு வாரத்தில் மறுபடி பார்ப்போம் என்றார். ஜெரால்டின் பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். பயம்தான். யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை.

அந்த வாரத்திலேயே சந்திரகலா டீச்சர் ஒரு பட்டு ரவிக்கையைத் திருப்பிக் கொண்டு வந்தார். டீச்சர் நிதானமான ஆள், சத்தம் போடுகிறவர் இல்லை.

"அளவு சரியா இருக்கு ஜெரால்டின். கைகூட நல்லா வந்திருக்கு. ஆனா பையைத் தொறந்தா சிகரெட் வாடை. என் வீட்டுக்காரர் என்னையே ஒரு மாதிரி பாக்குறாரு."

"என்ன டீச்சர் சொல்றீங்க?"

"மோந்து பாருலா."

ஜெரால்டின் உதட்டில் இருந்த ஊசியை எடுத்துவிட்டு மோந்து பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. தினமும் அதிலேயே இருக்கிற மூக்குக்கு எப்படித் தெரியும்? ரவிக்கையைக் கடைக்குள்ளே புதுப்புடவை அடுக்கிய இடத்துக்குக் கொண்டுபோய், அங்கே கொஞ்ச நேரம் நின்று, மறுபடி மோந்தாள். அப்போது தெரிந்தது. துணி மூன்று நாள்தான் அவள் மேசையில் இருந்தது. அவள் வருஷக்கணக்காக அங்கே இருக்கிறாள். வயிற்றில் இருக்கிறதும் ஏழு மாதமாக அவளோடுதான் அங்கே இருக்கிறது.

வெளியே வந்து தன் இடத்தைப் புது ஆள் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அவளுக்கு இடப்பக்கம் காதர் சாப்பாட்டுக்கடை. சாப்பாட்டுக்கடையில் சிகரெட் பிடிக்கக்கூடாது, மேசை போட்ட இடத்தில் இருந்து மூன்று மீட்டர் தள்ளித்தான் பிடிக்கலாம் என்று சட்டம் வந்ததில் இருந்து, காதர் ஒரு மஞ்சள் கோடு போட்டு வைத்திருந்தார். சட்டத்தை ஒரு நூல் மீறாத மனுஷர். கடைசி மேசைக் காலில் இருந்து இரும்பு டேப் வைத்து அளந்து போட்ட கோடு. வாடிக்கையாளர் சௌகரியத்துக்குக் கோட்டுக்கு அந்தப் பக்கம் மணல் நிரப்பிய தகர டின் ஒன்றும் வைத்திருந்தார். அந்த டின் ஜெரால்டினின் மிஷினில் இருந்து கை நீட்டினால் எட்டும். போதாததற்குச் சாப்பிடுகிறவர்கள் பக்கம் புகை வரக்கூடாதென்று ஒரு பெரிய சுவர் விசிறியையும் வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார். அந்த விசிறி புகையை எங்கே தள்ளும்? மேலே கூரை, பின்னால் ஜவுளிக்கடை, நடுவில் அவள்.

மறுநாள் முறை இல்லாமலேயே கிளினிக்குக்குப் போய்த் தாமரை மிஸ்ஸி முன்னால் நின்றாள்.

"மிஸ்ஸி, வீட்டுல இல்ல. வேலை செய்யிற எடத்துல இருக்கு. நாள் பூராவும்."

மிஸ்ஸி பேனாவை வைத்துவிட்டாள். "நீங்க பிடிக்கலன்னாலும் அந்தப் புகை உங்க ரத்தத்துல போவுதுக்கா. பிள்ளைக்குக் கெடைக்கிற ஆக்சிஜன் கொறையும். எடை கொறையலாம், மாசத்துக்கு முன்னாடியே பொறக்கலாம். பொறந்ததுக்கு அப்புறம் மூச்சுத் தொந்தரவும் வரலாம்."

"அப்ப என் புள்ள ஏறாததுக்கு இதான் காரணமா?"

"இதேதான்னு நான் சத்தியம் பண்ண முடியாது. வேற காரணமும் இருக்கலாம். ஆனா இது ஒண்ணு நிறுத்தக்கூடியது. எடத்த மாத்திக்குங்களேன்."

"எடம் மாறாது மிஸ்ஸி," என்றாள் ஜெரால்டின். "புகை மாறட்டும்."

வீட்டில் பேசிலுக்கு இதைச் சொன்னதும் அவன் சோற்றுத் தட்டை நகர்த்திவிட்டான்.

"நாளையிலேர்ந்து போகாத. புள்ள பொறக்குற வரைக்கும் வீட்டுல இரு. நான் ஓவர்டைம் பாக்குறேன்."

"அப்புறம்?"

"அப்புறம் போ."

"எங்க போறது? ஃபோன் கவர் விக்கிறவன் மடியில போய் உட்காரவா?"

"ஜெரி, வெளையாடாத. போன தடவ மாதிரி..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை.

அவள் அவன் தட்டை மறுபடி அவன் முன்னால் தள்ளினாள். "போன தடவ யாரால போச்சுன்னு யாருக்கும் தெரியாதுங்க. இந்தத் தடவ எனக்குத் தெரிஞ்சத நான் விடமாட்டேன். ஒரு வாரம் குடுங்க. நடக்கலன்னா நீங்க சொல்ற மாதிரி வீட்டுல உட்கார்றேன்."

அந்த ஒரு வாரத்துக்கு மிஷினைக் கடைக்குள்ளே ட்ரையல் அறைக்குப் பக்கத்தில் தள்ளி வைத்துக்கொண்டாள். அங்கே வெளிச்சம் போதாது, வருகிறவர்கள் கால் இடிக்கும், முதலாளியும் முகத்தைச் சுளித்தார். ஒரு வாரம்தான் என்று அவருக்கும் சொன்னாள்.

முதலில் சிகரெட் பிடிக்கிறவர்களிடமே கேட்டுப் பார்த்தாள். யாரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் கஷ்டமே. லோரி ஓட்டுகிற குரு அவளைப் பார்த்ததும் சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"சாரிக்கா, சாரி. பாக்கல."

"மறைச்சா புகை மறைஞ்சிருமா குரு? ஒன் முதுகு என்ன சிம்னியா?"

குரு சிரித்தான். இரண்டு எட்டு தள்ளி நின்றான். டீயைக் குடிக்கத் திரும்பி வந்தான், பேச்சில் மறந்து அங்கேயே நின்றான். அவன் போனால் இன்னொருவன். டின் இருக்கிற இடத்தில்தானே மனுஷன் நிற்பான்.

பிறகு காதரிடம் போனாள். அவர் கல்லாவில் இருந்து எழுந்து வந்து, தகர டின்னையும் கோட்டையும் அவளுடைய வயிற்றையும் பார்த்தார். உண்மையிலேயே சங்கடப்பட்டார்.

"தங்கச்சி, விசிறிய இப்பவே திருப்பிடுறேன். அது என் தப்பு. ஆனா கோடு சட்டப்படி இருக்கு. மேச எங்க முடியுதோ அங்கேர்ந்து மூணு மீட்டர். அதுக்கு அந்தப் பக்கம் நிக்கிறவன 'போடா'ன்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. நான் சொன்னா, 'பாய், கோடு அங்க இருக்கு, நான் இங்க இருக்கேன்'னு சட்டம் பேசுவான்."

"அப்ப நான் மனுஷி இல்லையாண்ணே? மேசைக்கு இருக்கிற மதிப்பு எனக்கு இல்லையா?"

"சட்டத்துல மேசன்னுதாம்மா எழுதியிருக்கு. தையல் மிஷின்னு எழுதல. நான் என்ன செய்ய?"

கோபத்தோடுதான் திரும்பி நடந்தாள். நடந்துகொண்டிருந்தவள் தூணுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள். கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து, தன் மிஷின் நிற்கும் இடத்தில் இருந்து கடையின் மறு ஓரத்தை நோக்கித் தரையில் பிடித்தாள். ஒரு டேப், இன்னொரு டேப். மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் கூடவே வரும். ஜவுளிக்கடை வரிசையில் கடைசிக் கடை. இரண்டாவது டேப் முடிந்த இடத்தில் அஞ்சடியே முடிந்து, பக்கத்துச் சந்து ஆரம்பித்தது. கூரை இல்லாத சந்து, மேலே வெறும் வானம்.

அப்படியே காதரிடம் திரும்பிப் போனாள்.

"அண்ணே, ஒங்க மேச ஒண்ணு என் மிஷின் பக்கத்துல இருந்தா?"

"இருந்தா?"

"அதுலயும் ஒருத்தர் உட்கார்ந்து டீ குடிச்சா?"

காதர் தூணையும் தன் கடையையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுவும் சாப்பாட்டு மேசதான்."

"அப்ப கோடு?"

"கோடு சந்துக்குப் போயிரும்" என்றார் மெதுவாக. உள்ளே பரோட்டாவுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த அவர் மனைவி ரம்லத் சிரித்துவிட்டாள். "இத்தன வருசமா அளந்தீங்களே, இத அளந்தீங்களா?"

"இந்தா, சும்மா இரு" என்றார் காதர். ஆனால் அவருக்கும் சந்தோஷம்தான். மேசை போட அனுமதி கேட்க வேண்டியது தன் வேலை, அதை நாளைக்கே பார்க்கிறேன் என்றார். ஒன்றே ஒன்றுதான் அவர் கையில் இல்லை. மேசை போகப்போவது பரமேஸ்வரன் முதலாளியின் கடை வாசல். அந்த மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் தினமும் சாயங்காலம் காதர் கடை டீயோடு நின்று, நிதானமாகச் சிகரெட் பிடிக்கிற ஆட்களில் முதல் ஆள் அந்த முதலாளிதான்.

இதை அவளும் யோசிக்காமல் இல்லை. முதலாளி கோபப்பட்டால் அவள் இடமே போய்விடும். சிகரெட்டுக்காக அவரைச் சந்துக்கு அனுப்பப் போகிறோம், அவர் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டு. கேட்கவே துணிச்சல் வேண்டும். அன்று மத்தியானம் கூட்டம் குறைந்த நேரத்தில், புடவை மடித்துக்கொண்டிருந்தவர் முன்னால் போய் நின்றாள்.

"முதலாளி, ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளேன்மா."

சொன்னாள். ஒளிக்காமல் சொன்னாள், வயிற்றில் பிள்ளை ஏறாததில் இருந்து மேசை வரைக்கும். முதலாளியின் கை புடவை மேலேயே நின்றுவிட்டது.

"என் கடை வாசல்ல கறிக்கொழம்பு மேசையா? வெளிய தொங்குற பட்டுல ஒரு சொட்டு விழுந்தா யாரு பொறுப்பு?"

"கொழம்பு இல்ல முதலாளி. டீ, காப்பி, கறிபாப் மாதிரி காஞ்ச பலகாரம் மட்டும். காதர் அண்ணன்கிட்ட பேசிட்டேன்."

"எல்லாம் பேசிட்டுதான் வந்திருக்க." அவர் குரல் இறுகியது. "என் கடை, என் வாசல். நான் எங்க நிக்கணும்னு எனக்கே அளவு எடுக்கிறியா?"

"ஒங்கள அளக்கல முதலாளி. புகையத்தான் அளந்தேன்."

"முடியலன்னா கொஞ்ச நாள் வீட்டுல இருந்துட்டு வாயேம்மா. யாரு வேணாம்னது?"

"இருந்துட்டு வந்தா இந்த எடம் எனக்கு இருக்குமா? நீங்க சத்தியமா சொல்லுங்க, நான் போயிடுறேன்."

முதலாளி பாதியில் விட்ட புடவையை மறுபடி மடிக்க ஆரம்பித்தார். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை, சத்தியம் பண்ணுகிற ஆளும் இல்லை. அந்த நேரம் பார்த்து, கடைக்குள் புடவை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை அவள் கணவன் வாசலில் நின்று கூப்பிட்டான். "போதும் வா, கால் வலிக்குது, பார்க்கிங் முடியப் போவுது." அந்தப் பெண் விரித்த புடவையை மனசில்லாமல் கீழே வைத்துவிட்டுப் போனாள்.

ஜெரால்டின் அவர்கள் போன திசையைக் காட்டினாள். "அந்தாளுக்கு ஒரு நாற்காலியும் ஒரு டீயும் இருந்திருந்தா, அந்தப் பொண்ணு இன்னும் ரெண்டு புடவ பாத்திருக்கும் முதலாளி. வாங்குற பொம்பளங்கள ஒங்க கடைய விட்டு வெளியாக்குறது வெல இல்ல. வெளிய நிக்கிற புருஷனுங்கதான். நான் தினமும் பாக்குறேன்."

முதலாளி அவளையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். வியாபாரி அல்லவா. கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் கணக்கு இன்னொரு பக்கம் ஓடத்தான் செய்யும்.

"ஒரு மாசம் போட்டுப் பாப்போம்" என்றார் கடைசியில். "ஆனா எனக்கு இது பிடிக்கல. அதையும் தெரிஞ்சுக்க."

"தெரிஞ்சுக்கிட்டேன் முதலாளி. நன்றி."

மேசை வந்தது. நாலு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. காதர் இரும்பு டேப்போடு குனிந்து அளந்து, சந்து ஓரத்தில் புதுக் கோடு போட்டார். டின் கோட்டுக்கு அந்தப் பக்கம் போனது. ஜெரால்டின் மிஷினைத் திரும்பவும் தூணுக்குத் தள்ளினாள். முதல் இரண்டு நாள் பழக்கத்தில் நாலைந்து பேர் பழைய இடத்திலேயே வந்து நின்றார்கள். அவள் ஒவ்வொருவராகக் கிளப்பினாள். மதியாதவனை, "இது சாப்பாட்டு மேச தம்பி, சம்மன் வந்தா அபராதம் நீதான் கட்டணும்" என்று சொல்லிக் கிளப்பினாள். குரு வெயிலில் நின்று வேர்த்துக்கொண்டே, "அக்கா, இதுக்கு சிகரெட்டையே விட்டுடலாம் போல" என்று கத்தினான்.

"விடேன். யாரு ஒன்ன பிடிச்சு வச்சிருக்கா?"

முதலாளி மட்டும் அவளோடு பேசவில்லை. சாயங்காலம் டீக் கோப்பையோடு குடை பிடித்துக்கொண்டு அவள் மிஷினைத் தாண்டி சந்துக்குப் போவார், திரும்பி வருவார். ரவிக்கைத் துணி கொடுக்க வேண்டுமென்றால் கடைப்பெண்ணிடம் கொடுத்து அனுப்புவார். ஜெரால்டினுக்கு அது வலித்தது. ஆனால் அவள் மேசையை எடுக்கச் சொல்லவில்லை. மாதம் முடிந்தபோது முதலாளியும் சொல்லவில்லை. நாற்காலிகளில் புருஷன்மார் உட்கார்ந்து ஃபோன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே பெண்கள் நிதானமாகப் புடவை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கிளினிக்கில் டேப் மெல்ல ஏறியது. டாக்டர் ஸ்கேன் பார்த்து, வளர்ச்சி தெரிகிறது, இன்னும் கவனமாகத்தான் இருக்க வேண்டும் என்றார். சாப்பாடா, மத்தியானத் தூக்கமா, புகை விலகியதா, எது ஏற்றியது என்று அவர் சொல்லவில்லை. ஜெரால்டினும் கேட்கவில்லை. அவளுக்கு ஏறியது போதும்.

பெண்பிள்ளை பிறந்தது. கொஞ்சம் சின்ன உருவம்தான், ஆனால் மாதம் நிறைந்து பிறந்தது. கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டிய அவசியம் வரவில்லை. ரம்லத்தின் மகள் மெஹ்ரின் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்துவிட்டு, "சத்தத்த பாத்தா அம்மா மாதிரியே பேரம் பேசும் போல" என்றாள். பேசில் பிள்ளைக்கு பெர்னிஸ் என்று பெயர் வைத்தான். பெயரைச் சொல்லும்போதே அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

பத்திய நாட்கள் முடிந்து ஜெரால்டின் பிள்ளையைக் கடைத்தெருவுக்குத் தூக்கி வந்தாள். தூணுக்குப் பக்கத்தில் மிஷின் உறை போட்டு அப்படியே இருந்தது. மேசையில் இருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். ரம்லத் பிள்ளையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்க வந்து, இப்போதெல்லாம் வைக்கக்கூடாதாமே என்று அவளாகவே கையைத் துடைத்துக்கொண்டாள். அப்போது சந்துப் பக்கம் இருந்து பரமேஸ்வரன் முதலாளி வந்தார். இத்தனை நாள் பேசாதவர், குடையை மடித்துத் தூணில் சாய்த்துவிட்டு, இரண்டு கையையும் நீட்டினார்.

"குடும்மா, பாப்பம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்த முகத்தோடு பார்த்தார்கள். பேசில் நிம்மதியாக மூச்சு விட்டான். ஜெரால்டின் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓர் அடி பின்னால் போனாள்.

"முதலாளி, இப்பத்தான் பிடிச்சிட்டு வர்றீங்க. சட்ட பூரா அது இருக்கு."

"ஜெரி" என்றான் பேசில்.

"நீங்க சும்மா இருங்க." அவள் குரலை உயர்த்தவில்லை. "தூக்காதீங்கன்னு சொல்லல முதலாளி. ஒங்க வாசல்ல வளந்த புள்ள, நீங்கதான் தூக்கணும். கைய கழுவிட்டு, வேற சட்ட போட்டுட்டு வாங்க. நான் எங்கயும் போகல."

 முதலாளியின் கை நீட்டியபடியே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு இறங்கியது. அவர் திரும்பிக் கடைக்குள்ளே போனார். உள்ளே குழாய்ச் சத்தம் கேட்டது, ரொம்ப நேரம் கேட்டது. அவர் திரும்பி வந்தபோது ஆண்கள் பகுதி அலமாரியில் இருந்து எடுத்த புதுச் சட்டை போட்டிருந்தார். காலரில் அட்டை இன்னும் இருந்தது, மடிப்பு நெஞ்சில் நேர்க்கோடாக நின்றது.

"இப்ப?" என்றார், முறைப்பாகவே.

ஜெரால்டின் பக்கத்தில் போய் அவர் தோளை ஒரு தடவை மோந்து பார்த்தாள். பிறகு தலையைத் தாங்கிப் பிடிக்கும் விதத்தைக் காட்டி, பிள்ளையை அவர் கையில் கொடுத்தாள்.